தேதியில்லாத குழந்தைகள்
கருப்பு வெள்ளை ஆவணப் படங்களும் விருதுநகர் வட்டாரத்துப் பிள்ளைப் பருவமும்

தறி வீட்டுத் திண்ணையில் ராட்டின் முன்னால் பத்து வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து தார் சுற்றுகிறாள். ஒரு கை சக்கரத்தில், மறு கை நூலில். கண் கேமராவைப் பார்க்கவில்லை. இப்படியொரு கருப்பு வெள்ளைப் படம் கையில் கிடைத்தால் அது எப்போது எடுத்தது என்று எப்படிச் சொல்வோம்? ராஜபாளையத்துக்குத் தெற்கே செட்டியார்பட்டி, தளவாய்புரம், முகவூர் என்று நெசவும் தையலும் அடுத்தடுத்து நடக்கும் ஊர்களில் எந்தத் தெருவிலும் அது எடுக்கப்பட்டிருக்கலாம். 1965ஆம் ஆண்டாக இருக்கலாம், 1995ஆகவும் இருக்கலாம். நிறம் இருந்தால் பாவாடைத் துணியோ சுவரின் பெயின்டோ ஏதாவது காட்டிக் கொடுக்கும். கருப்பு வெள்ளையில் அந்தத் துப்பும் இல்லை.

அந்தப் பெண் செய்வது வேலையா, உதவியா, பழகும் ஆசையா என்பது அடுத்த கேள்வி. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்றானது. அதில் ஒரு விலக்கும் உண்டு. அபாயமில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி முடிந்த பிறகோ விடுமுறையிலோ பிள்ளைகள் ஒத்தாசை செய்யலாம். ஆக, திண்ணையில் தார் சுற்றும் அந்தப் பெண்ணைப் பொறுத்தவரை சட்டம் முதலில் பார்ப்பது கடிகாரத்தை. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி என்றால் அது ஒரு கதை. சனிக்கிழமை சாயங்காலம் என்றால் வேறு கதை. படத்துக்குள் மணி இல்லை, கிழமை இல்லை. யாராவது எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

குழந்தைமையைப் பதிவு செய்யும் கருப்பு வெள்ளைப் படக்கலை பற்றிப் பேசும்போது ஒளி, நிழல், முகபாவம் என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். படத்தின் பின்பக்கத்தில் எழுதப்படும் நாலு வரிக் குறிப்பு அதே அளவு முக்கியம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். யார், எந்த ஊர், என்றைக்கு, எந்த நேரத்தில் என்ற விவரம் இல்லாத படம் அழகாக இருக்கலாம், உருக்கமாகவும் இருக்கலாம். ஆவணம் ஆவதற்கு அது போதாது. பிள்ளைகளின் உழைப்பும் பள்ளியும் நாற்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டிய விருதுநகர் மாவட்டத்தைப் போன்ற ஒரு வட்டாரத்துக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

தாது வருடமும் பெயரில்லாத உடல்களும்

தமிழ் நிலத்துக் குழந்தைகள் துயரத்தின் சாட்சிகளாகப் படத்தில் பதிவானது தாது வருடப் பஞ்சத்தில். 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தை அழித்த அந்தப் பஞ்சத்தை வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி படமெடுத்தார். விலா எலும்புகளை எண்ணிவிடக்கூடிய உடல்களை வரிசையாக உட்கார வைத்தும் நிற்க வைத்தும் எடுத்த படங்கள் அவை. தாயின் மடியிலும் காலடியிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தலை பெரிதாகவும் கை கால்கள் குச்சியாகவும் தெரியும் அந்தப் பிள்ளைகளை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அந்தப் படங்கள் பிரிட்டனுக்குப் போயின. பஞ்சத்தின் கொடுமையை அங்கே இருந்தவர்களுக்குக் கண்ணெதிரே காட்டின. இன்றும் பஞ்சம் பற்றிய பல நூல்களில் அவை அச்சாகின்றன. ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் பெயர் இல்லை. படம் எடுத்த பிறகு பிழைத்தார்களா என்ற செய்தியும் இல்லை. பார்ப்பவருக்கு அவர்கள் பஞ்சத்தின் அடையாளம் மட்டுமே. ஒரு குழந்தை எதற்காவது அடையாளமாகிவிட்டால், அது யாருடைய குழந்தை என்ற கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது. நம் வட்டாரத்துக் குழந்தைப் படங்களின் மீது அதற்குப் பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் விழுந்திருக்கும் நிழல் இதுதான்.

கோட்டுப் பித்தானால் உயரம் அளந்தவர்

இதற்கு நேரெதிரான வழியைக் காட்டியவர் அமெரிக்காவின் லூயிஸ் ஹைன். 1874இல் பிறந்தவர், நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1904இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு 1908இல் அவரை முழு நேரப் படப்பிடிப்பாளராக அமர்த்தியது. பருத்தி ஆலை, நிலக்கரிச் சுரங்கம், கண்ணாடித் தொழிற்சாலை, மீன் பதப்படுத்தும் கொட்டகை என்று நாடு முழுக்க அலைந்தார். உள்ளே விட மாட்டார்கள் என்பதால் தீயணைப்பு ஆய்வாளர், பைபிள் விற்பவர், தபால் அட்டை வியாபாரி என்று ஏதாவது சொல்லி நுழைந்தார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அவருடைய படங்கள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன.

ஹைனின் கேமரா பெரியது, மக்னீசியப் பொடி வெடித்து ஒளி தரும் காலம் அது. அவருடைய இன்னொரு கருவி சட்டைப் பைக்குள் இருந்த குறிப்பேடு. பைக்குள் கையை விட்டபடியே பிறர் அறியாமல் எழுதினார். தம் கோட்டின் பித்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியும். அருகே நிற்கும் பிள்ளையின் தலை எந்தப் பித்தான் வரை வருகிறது என்று பார்த்து உயரத்தைக் குறித்துக்கொண்டார். 1908 நவம்பர் 30ஆம் தேதி தென் கரோலினாவின் லங்காஸ்டர் பருத்தி ஆலையில் எடுத்த சிறுமியின் படத்தோடு அவளுடைய பெயர், 48 அங்குல உயரம், அரை வருடமாக வேலை பார்க்கிறாள் என்ற விவரம் எல்லாம் இருக்கின்றன. நீண்டு போகும் நூற்பு இயந்திர வரிசையும் அதன் முன் நிற்கும் சின்ன உருவமும் மனதைப் பிசைகின்றன. அந்தப் பிசைவை ஆலை முதலாளிகளால் மறுக்க முடியாத சாட்சியமாக்கியது குறிப்புதான்.

சட்டம் உடனே வந்துவிடவில்லை. 1916இல் வந்த ஒரு சட்டத்தை 1918இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. 1938இல்தான் நியாயமான தொழில் தரங்கள் சட்டம் நிலைபெற்றது. முதல் படத்துக்கும் அதற்கும் இடையே முப்பது ஆண்டுகள். ஹைன் 1940இல் வறுமையில் இறந்தார்.

அந்தக் குறிப்புகளின் பயன் அத்தோடு முடியவில்லை. 1910 ஆகஸ்டில் வெர்மான்ட் மாநிலத்தின் நார்த் பவுனல் ஊரில் ஒரு நூற்பாலைச் சிறுமியை ஹைன் எடுத்தார். அழுக்கு உடை, வெறுங்கால், இயந்திரத்தில் ஊன்றிய கை. 1998இல் அந்தப் படம் அமெரிக்கத் தபால்தலையில் வந்தது. எலிசபெத் வின்த்ராப் என்ற எழுத்தாளரும் ஜோ மானிங் என்ற ஆய்வாளரும் அந்தச் சிறுமியைத் தேடிப் போனார்கள். ஹைனின் குறிப்பில் பெயர் கொஞ்சம் பிசகியிருந்தது. ஊரும் ஆலையும் மாதமும் சரியாக இருந்ததால் மக்கள்தொகைப் பதிவேட்டைப் புரட்டி அவள் ஆடி கார்டு என்று கண்டுபிடித்தார்கள். ஆடி 1993 வரை வாழ்ந்திருக்கிறார். தம் முகம் தபால்தலையில் வந்ததை அவர் பார்க்கவில்லை. இப்படி முன்னூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பிற்கால வாழ்க்கையை மானிங் தேடி எடுத்தார். ஒரு நூற்றாண்டு கழித்து அந்தப் பிள்ளைகளின் பேரன் பேத்திகளைச் சந்திக்க முடிந்ததற்குக் காரணம் அவசரமாகக் கிறுக்கப்பட்ட சில வரிகள்.

தாது வருடப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு தேடல் என்றைக்கும் நடக்க முடியாது.

நிறம் போனால் காலமும் போகிறது

ஹூப்பரும் ஹைனும் கருப்பு வெள்ளையைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது அதுதான். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் 1980களின் நடுப்பகுதி வரை அதே நிலை நீடித்தது. 1960இல் நிறுவப்பட்ட ஊட்டியின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் ‘இந்து’ ஃபிலிமும் தாளும், கிழக்கு ஜெர்மனியின் ‘ஆர்வோ’ ஃபிலிமும் ஸ்டூடியோக்காரர்களின் அன்றாடச் சரக்கு. 120 ரோலில் சதுரப் படம் பன்னிரண்டு. ஒவ்வொரு படத்துக்கும் காசு உண்டு என்பதால் ஒவ்வொன்றும் ஒரு விசேஷம்.

அந்த ஃபிலிமுக்கென்று சில குணங்கள் இருந்தன. சிவப்பை உணராத பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் பூச்சு, செம்பழுப்பான நம் தோலை இருப்பதைவிடக் கருப்பாகக் காட்டியது. பின்னால் வந்த பான்குரோமாட்டிக் ஃபிலிம் அதைத் திருத்தியது. ஆனாலும் நெகட்டிவில் பென்சிலால் ரீடச் செய்து முகத்தை வெளுப்பாக்கும் பழக்கம் போகவில்லை. பிள்ளையின் முகம் பிள்ளையின் நிறத்தில் இல்லாத படங்கள் எத்தனையோ வீடுகளில் மாட்டியிருக்கின்றன. கருப்பு வெள்ளை உண்மையை உள்ளபடி காட்டும் என்று நம்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இருட்டறையில் ஒரு சமூகத்தின் விருப்பங்களும் சேர்ந்தே கழுவப்பட்டன.

இன்று நிலைமை வேறு. எல்லாக் கேமராவும் நிறத்தில் எடுக்கும்போது, ஒருவர் வேண்டுமென்றே நிறத்தை நீக்குகிறார். ஏன்? நிறம் கவனத்தைக் கலைக்கிறது, முகத்தையும் உணர்வையும் மட்டும் நிறுத்த வேண்டும் என்பார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் நிறத்தோடு காலமும் போய்விடுகிறது. விலையில்லாப் புத்தகப் பையின் அச்சு, பள்ளிச் சீருடையின் நிறம், சுவரில் ஒட்டிய தேர்தல் சுவரொட்டி என்று ஆண்டைச் சொல்லும் அடையாளங்கள் மங்குகின்றன. 2024இல் எடுத்த பிள்ளை 1974ஆம் ஆண்டுப் பிள்ளையைப் போலத் தெரிகிறாள். ஏழ்மை என்றென்றைக்கும் இப்படித்தான் என்ற எண்ணம் பார்ப்பவருக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடுகிறது.

1955இல் நியூயார்க்கில் எட்வர்ட் ஸ்டைகன் அமைத்த ‘மனிதக் குடும்பம்’ கண்காட்சி இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. 68 நாடுகளிலிருந்து 503 படங்கள். பிறப்பு, விளையாட்டு, உழைப்பு, சாவு என்று பகுதி பிரித்து உலகம் சுற்றியது, இந்தியாவுக்கும் வந்தது. எடுத்தவர் பெயரும் நாட்டின் பெயரும் போட்டிருந்தார்கள், பிள்ளைகளின் பெயர் இல்லை. எல்லாக் குழந்தைகளும் ஒன்றே என்ற அதன் அன்பு உண்மையானதுதான். பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் அதை மறுத்து எழுதினார். எல்லாக் குழந்தையும் பிறக்கிறது என்பது சரி, ஒரு குழந்தை நன்றாகப் பிறக்கிறதா, தாய்க்கு அதனால் துன்பமா, அது வளரும்போது என்ன எதிர்காலம் காத்திருக்கிறது என்பவை வரலாற்றின் கேள்விகள், படங்கள் அவற்றைத்தான் கேட்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். 2003இல் சூசன் சோன்டாக், பிரேசிலின் செபாஸ்தியோ சல்காதோவின் அழகான கருப்பு வெள்ளைப் படங்களைப் பற்றி இதே வழியில் கேட்டார். பிரபலங்களுக்கு மட்டும் பெயர் போட்டு, அகதிகளையும் உழைப்பாளிகளையும் பெயரில்லாமல் விடும்போது அவர்கள் தொழிலுக்கும் இனத்துக்கும் அவலத்துக்கும் மாதிரிகளாகச் சுருங்கிவிடுகிறார்கள் என்றார்.

இந்தியாவில் இன்னொரு பாதையும் இருந்தது. மைசூரில் பிறந்த டி.எஸ். சத்யன், குழந்தைகளின் சாதாரண நாள்களைப் பல ஆண்டுகள் கருப்பு வெள்ளையில் எடுத்தார். 1979ஆம் ஆண்டு, உலகக் குழந்தைகள் ஆண்டையொட்டி அவருடைய படங்கள் ஐக்கிய நாடுகள் தலைமையகத்தில் யுனிசெஃப் வழியாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. துயரப்படாத நேரத்திலும் குழந்தை படத்துக்குரியதுதான் என்று அவருடைய வேலை சொல்லியது. எளிதாகத் தோன்றினாலும் நம் வட்டாரத்துக்கு இது மிகத் தேவையான பாடம்.

பூச்சடையும் தீப்பெட்டி ஆபீசும்

விருதுநகர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு வகைப் படங்கள் கிடைத்தன. ஒன்று ஸ்டூடியோவில். மற்றொன்று தொழிற்கூடத்தில்.

ஸ்டூடியோப் படங்களை எல்லோரும் அறிவோம். குப்புற விழுந்த குழந்தை, மரக்குதிரை மேல் ஒரு வயதுப் பையன், கிருஷ்ணர் வேஷம். எல்லாவற்றிலும் தனித்து நிற்பது பூச்சடைப் படம். சடை தைத்துப் பட்டுப்பாவாடை கட்டிய பெண்ணை நிறுத்தி, பின்னால் கண்ணாடி வைத்து, முகமும் சடையும் ஒரே படத்தில் விழும்படி எடுத்தார்கள். உலகப் படக்கலைக்குத் தமிழ் ஸ்டூடியோக்கள் கொடுத்த அழகான ஏற்பாடு இது. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, இப்படிப்பட்ட பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களை ஊர் ஊராகத் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். கண்ணாடி நெகட்டிவ்களைக் கழுவி வெறும் கண்ணாடியாக விற்றுவிட்ட ஸ்டூடியோக்களும், ஈரத்தில் ஒட்டிப்போன ஃபிலிம் கட்டுகளும் நிறைந்த நிலத்தில் இது காலத்தால் செய்த உதவி.

இன்னொரு வகைப் படம் பிறந்தது, செட்டியார்பட்டியிலிருந்து பேருந்தேறிப் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்கும் சிவகாசி, சாத்தூர்ப் பக்கம். அங்கே யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். விடியும் முன்பே கிராமங்களுக்கு வண்டி வரும். தூக்கக் கண்ணோடு பிள்ளைகள் ஏறுவார்கள். மரச்சட்டத்தில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் சின்ன விரல்களின் வேலை, கூலி எண்ணிக்கைக் கணக்கில். 1976இல் ஹர்பன்ஸ் சிங் குழு இதை ஆராய்ந்தது. 1983இல் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரை நாடு முழுக்கக் கவனத்தைத் திருப்பியது. இந்த வட்டாரத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் 45 ஆயிரம் பிள்ளைகள் இருப்பதாக 1980களில் பரவலாகச் சொல்லப்பட்டது. 1990இல் சலம் பென்னூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். எழுத்தாளர் பூமணி ‘கருவேலம்பூக்கள்’ படத்தை இயக்கினார். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிப் பிள்ளைகளை அமர்த்தும் முதலாளி ஒரு பிள்ளைக்கு 20 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும், அரசு அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தேடித் தர வேண்டும், முடியாவிட்டால் 5 ஆயிரம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது.

அந்த ஆண்டுகளில் பத்திரிகைகளிலும் அறிக்கைகளிலும் துண்டறிக்கைகளிலும் வந்த படங்கள் இந்தப் போராட்டத்துக்கு உதவின. அதில் ஐயமில்லை. குச்சிச் சட்டங்களுக்கு நடுவே நிமிர்ந்து பார்க்கும் ஒரு முகம், புள்ளிவிவரத்தால் செய்ய முடியாததைச் செய்தது. ஆனால் பெரும்பாலும் அவை ‘சிவகாசியில் ஒரு குழந்தைத் தொழிலாளி’ என்ற அளவோடு நின்றன. அந்த முகம் எந்தக் கிராமத்திலிருந்து வந்தது, எந்த வகுப்பில் படிப்பை விட்டது, எந்த மழை பொய்த்த வருடத்தில் வண்டியேறியது என்று பெரும்பாலும் எழுதப்படவில்லை. கரிசல் காட்டு மானாவாரி விவசாயம் பொய்த்ததும் கந்துவட்டியும் முன்பணமும்தான் அந்த வண்டிக்கு டீசல் ஊற்றின. முகம் மட்டும் தெரியும் படத்தில் இந்தக் காரணங்கள் தெரிவதில்லை. பெற்றோர் மனமில்லாதவர்கள் என்ற தவறான முடிவுக்குக்கூட அது கொண்டுபோய் விடும்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஆடி மாதம் பூச்சடையோடு ஸ்டூடியோவில் நின்ற பெண்ணும் மறுவாரம் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய பெண்ணும் ஒரே பெண்ணாக இருந்திருக்கலாம். குடும்பம் அவளை எப்படிப் பார்க்க விரும்பியதோ அது ஒரு படத்தில் இருக்கிறது. உலகம் அவளை எப்படிப் பார்த்ததோ அது மற்றொன்றில். நடுவில் இருந்த அவளுடைய நாள் — கண்மாயில் குளித்தது, தம்பியை இடுப்பில் சுமந்தது, சத்துணவுக்கு வரிசையில் நின்றது, பாண்டி ஆடியது — எடுக்கப்படவே இல்லை.

வகுப்பறைக் குரூப் போட்டோ என்னும் ஆதாரம்

ஆண்டு, ஊர், பள்ளி, வகுப்பு எல்லாம் தெரியும் ஒரே ஒரு வகைக் குழந்தைப் படம் நம்மிடம் இருக்கிறது. அதை யாரும் ஆவணப் படக்கலையில் சேர்ப்பதில்லை. பள்ளிக்கூடக் குரூப் போட்டோதான் அது. நாற்காலியில் தலைமையாசிரியரும் ஆசிரியர்களும், பின்னால் பெஞ்சில் நிற்கும் வரிசை, முன்னால் தரையில் சம்மணம் போட்ட வரிசை, நடுவில் சாக்பீஸால் எழுதிய சிலேட்டு. சிலேட்டில் வகுப்பும் பிரிவும் ஆண்டும்.

இந்தப் படங்களை ஒரே பள்ளியில் தொடர்ச்சியாக எடுத்து வைத்தால் அவை பேசும். முதல் வகுப்பில் தரையில் உட்கார்ந்த பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? அதே அணி எட்டாம் வகுப்புக்கு வரும்போது எத்தனை பேர்? முன் வரிசையில் செருப்பு எப்போது வருகிறது? சீருடை எந்த ஆண்டிலிருந்து எல்லோருக்கும் இருக்கிறது? 1956 முதல் காமராசர் ஆட்சியின் மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் உடம்பையும் எப்படி மாற்றின? விருதுநகரில் பிறந்த ஒருவர் முதலமைச்சராகிப் பள்ளிக்கூடங்களைத் திறந்தார், அந்த மாவட்டத்துப் பிள்ளைகளே முப்பது வருடம் கழித்தும் விடியுமுன் வண்டியேறினார்கள். இந்த முரணை வரிவரியாகக் காட்டக்கூடிய ஆதாரம் பள்ளி அலமாரிகளில் தூசி படிந்து கிடக்கிறது.

குரூப் போட்டோவில் இல்லாத பிள்ளைகளும் அதில் பதிவாகிறார்கள் என்பது இன்னும் முக்கியம். முந்தைய வருடம் இருந்து இந்த வருடம் இல்லாமல் போன முகம், வேலைக்குப் போன முகமாக இருக்கலாம். வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏறத்தாழ 9.75 லட்சம் குழந்தைத் தொழிலாளர்களைக் கணக்கிட்டது. 2001இல் அது 4.19 லட்சமாக இறங்கியது. லட்சங்களில் நடந்த அந்த மாற்றம் ஒரு பள்ளியில், ஒரு தெருவில் எப்படி நடந்தது என்பதைப் பெயரோடு காட்டக்கூடியவை இந்தப் படங்கள்.

பெயர் எங்கே இருக்க வேண்டும்?

பெயரை எழுது என்று சொல்வது எளிது. இன்றைய சட்டம் அங்கே ஒரு கோடு போடுகிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை ஊடகத்தில் வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். தொழிலாளர் சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட பிள்ளையும் அந்த வரையறைக்குள் வருகிறது. லூயிஸ் ஹைன் இன்று இங்கே வந்து அதே படங்களை அதே குறிப்புகளோடு பத்திரிகையில் வெளியிட்டால் அது குற்றம்.

இந்தச் சட்டம் தேவையானது. முகம் ஒருமுறை இணையத்துக்குப் போனால் திரும்பாது. பதினோரு வயதில் எடுத்த படம் இருபத்தைந்து வயதில் பெண் பார்க்க வருபவர்களின் கைபேசியில் இருக்கும். அதற்காகப் பெயரையே எழுதாமல் விடுவதும் தீர்வாகாது. எழுதுவது வேறு, வெளியிடுவது வேறு. பெயரும் ஊரும் நேரமும் எடுத்தவரின் பாதுகாப்பான பதிவேட்டில் இருக்கட்டும். வெளியே போகும் படத்தில் முகம் தெரியாத கோணம் இருக்கட்டும், கையும் கருவியும் இடமும் பேசட்டும். படத்தின் ஒரு பிரதி பிள்ளையின் வீட்டுக்குப் போய்ச் சேரட்டும். பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆனதும் எடுத்தவர் போய்க் கேட்கட்டும்: இது உன் படம், உன் பெயரோடு போடலாமா? வேண்டாம் என்று சொல்லும் உரிமை அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு இருக்க வேண்டும்.

கேமரா யார் கையில் இருக்கிறது என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. மதுரைப் பக்கத்துக்காரரான எம். பழனி குமார், மலக்குழி மரணங்களை ஆவணமாக்கிய ‘கக்கூஸ்’ படத்தின் ஒளிப்பதிவாளர். உழைக்கும் மக்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து படமெடுத்து வருபவர். வியாசர்பாடிப் பிள்ளைகள் உட்பட, உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கேமரா பழக்குவதையும் தம் வேலையின் பகுதியாக வைத்திருக்கிறார். வெளியாள் பார்க்கத் தவறும் சங்கதிகளைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். தம் வீட்டை அவர்கள் பரிதாபத்தோடு எடுப்பதில்லை. அமெரிக்காவின் வென்டி எவால்ட் 1970களில் அப்பலாச்சிய மலைப் பிள்ளைகளோடும் பின்னர் குஜராத் கிராமம் ஒன்றிலும் செய்து பார்த்த வழி இது. பிள்ளை எடுத்த படத்தில் பெயர் யாருடையது என்ற குழப்பமே இல்லை, எடுத்தவரின் பெயராக அது கம்பீரமாக இருக்கும்.

செட்டியார்பட்டி செய்யக்கூடியது

தறிச் சத்தமும் தையல் இயந்திரச் சத்தமும் கேட்கும் ஊர்களில் பிள்ளைப் பருவம் இப்போதும் மாறிக்கொண்டிருக்கிறது. நைட்டிக்குக் காஜா எடுத்தும் பித்தான் வைத்தும் பழகும் பெண் பிள்ளைகள் இருக்கலாம். பள்ளி விட்டு டியூஷனுக்கும், அங்கிருந்து கபடிப் பயிற்சிக்கும் ஓடுபவர்களும் உண்டு. ராஜபாளையம் ஆலைகளில் வேலை பார்க்கும் தாய்மார்களின் பிள்ளைகள், பாட்டியிடம் வளர்கிறார்கள். இவை எல்லாமே வருங்காலத்துக்கு வரலாறு.

இதற்குப் பெரிய நிறுவனம் வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளியும் தன் குரூப் போட்டோக்களை ஸ்கேன் செய்யலாம். அந்த வகுப்பில் படித்து இன்று ஐம்பது அறுபது வயதானவர்களை ஆண்டு விழாவுக்கு அழைத்து, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கேட்டு எழுதலாம். அவர்களில் பலர் இன்னும் பத்து இருபது ஆண்டுகளில் நம்மோடு இருக்க மாட்டார்கள். படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவர்களும் அங்கே வந்து உட்கார்ந்து, எந்த வருடம் ஏன் போனேன் என்று தாமே சொல்லலாம். மூடப்போகும் ஸ்டூடியோவின் நெகட்டிவ் பெட்டிகளைப் பழைய இரும்புக் கடைக்குப் போகும் முன்னால் கிளை நூலகம் கேட்டு வாங்கலாம். புதிதாகப் படமெடுக்க வரும் இளைஞர்கள் நிறத்தை நீக்குவதற்கு முன் நிறப் பிரதியை வைத்துக்கொண்டு, தேதி, நேரம், இடம், பிள்ளை தன் வாயால் சொன்ன ஒரு வாக்கியம் ஆகிய நான்கையும் எழுதும் பழக்கத்தைக் கொள்ளலாம்.

ஒரு தலைமுறைக்குள் லட்சக்கணக்கான பிள்ளைகள் தொழிற்கூடத்திலிருந்து வகுப்பறைக்கு வந்தது தமிழ்நாட்டின் பெரிய வெற்றிகளில் ஒன்று. தாய்மார்கள், ஆசிரியர்கள், சத்துணவு ஆயாக்கள், தொழிற்சங்கத்தார், வழக்குத் தொடுத்தவர்கள், சட்டம் இயற்றியவர்கள் என்று பலர் சேர்ந்து அதைச் சாதித்தார்கள். இன்னும் வந்து சேராத பிள்ளைகளும் இருக்கிறார்கள். காலம் எழுதப்படாத படம் இந்த இரண்டையுமே மறைத்துவிடும். அன்றும் இன்றும் ஒன்றே என்று அது சொல்லும்போது, மாற்றியவர்களின் உழைப்பு வீணாகிறது, மாறாததைக் கேள்வி கேட்கும் வழியும் அடைபடுகிறது. ஒரு குழந்தையைப் படமெடுப்பவர் அந்தக் குழந்தைக்குச் செய்யும் முதல் மரியாதை, அது எந்த நாளில் எந்த ஊரில் வாழ்ந்தது என்று எழுதி வைப்பதுதான்.